உல்லம் ஏறிய ஆறு



வடபுல நாடுகளில் தனியொருவராய்த் தூண்டிலேந்தி, ஆற்றங்கரையில் ஒரு பகற்பொழுதைக் கழிப்போர் பலர். அவர்கள் நாடிச் செல்வது சால்மன் என்னும் மீன். ஆற்றிற் பிறந்து, கடலிற் சென்று வளர்ந்து, இனம் பெருக்கும் பருவத்தில் தான் பிறந்த ஆற்றையே நீரின் மணத்தால் அறிந்து மீள்வது அதன் இயல்பு. ஆறு புகுந்தபின் அது பெரும்பாலும் இரை கொள்வதில்லை. ஆதலால் இறகும் நூலும் கொண்டு கட்டிய பொய்ப்பூச்சியை வீசி வீசிக் காத்திருக்க வேண்டும். நாள் முழுதும் நின்று வெறுங்கையோடு திரும்புவாரே மிகுதி. ஸ்காட்லாந்தின் டே ஆற்றில் 1922ஆம் ஆண்டு ஜார்ஜினா பாலன்டைன் என்னும் பெண்மணி பிடித்த சால்மன் 64 பவுண்டு எடை கொண்டது. பிரிட்டனில் தூண்டிலிற் பட்ட சால்மன்களுள் மிகப் பெரியதாக இன்றும் அதுவே போற்றப்படுகிறது.

கம்மாபுரத்துத் தூண்டிற்காரர் ஒருவருக்கு இத்தகைய நாள் வாய்க்குமா? நம் ஆறுகளில் சால்மன் இல்லை. ஆயினும் அதனைப் போலவே கடலினின்று ஆறேறி முட்டையிடும் மீன் ஒன்று கொள்ளிடத்திற்கு வந்தது. அதன் பெயர் உல்லம். கோதாவரிக் கரையில் அதனைப் புலசா என்பர். வங்கத்தார் இலிஷ் என்று கொண்டாடுவர்.

விடியுமுன் கம்மாபுரத்தினின்று புறப்படும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றைக் கடக்கிறார். வீராணத்தின் நெடுங்கரை வழியே காட்டுமன்னார்கோயில் சென்று, அணைக்கரையில் இறங்குகிறார். மூங்கிற்கழி, நரம்பு, தக்கை, கொட்டாங்கச்சியில் மண்புழு ஆகியவையே அவர் கருவிகள். கீழணையின் மதகுகளுக்குக் கீழே நீர் நுரைத்துச் சுழலுமிடத்தில் அமர்கிறார். உச்சிவேளைக்குள் சில கெண்டைகள். மாலைக்குள் ஒரு கெளுத்தி. உல்லம் இல்லை. முன்னாளிலும் அது தூண்டிலுக்கு எளிதில் வசப்படாது, வலைக்கே அகப்படும். எனினும் அக்காலத்தில் புதுவெள்ளம் வரும்போது கரையில் அமர்ந்தவர், அது கூட்டமாய் எதிர்நீச்சலிட்டு ஏறிவந்த ஆற்றின் முன் அமர்ந்திருந்தார்.

கீழணையை 1836ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் கட்டினார். மீனின் வழியை முதலில் மறித்தது அக்கற்சுவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண மீன்துறையினர் உல்லத்தின் முட்டைகளைச் செயற்கையாகப் பொரிக்கவைத்துப் பார்த்தனர். பின்னர் 1934இல் மேட்டூர் அணை நிறைவுற்றது. காவிரியின் வெள்ளம் தேக்கப்பட, உல்லத்தின் வரவு மிகவும் குன்றியது. கங்கையிலும் 1975இல் பராக்கா அணை எழுந்தபின் அலகாபாத்வரை ஏறிய இலிஷ் அரிதாயிற்று.

அணையைப் பழிப்பது நன்றியறிதல் ஆகாது. கீழணையினின்று வடவாறு வழியாக நீர் வந்ததனாலன்றோ வீராணம் நிறைகிறது. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வயல்கள் விளைகின்றன! நெல்லுக்கு வழி திறந்த கதவே மீனுக்கு வழியை அடைத்தது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்தலே தவறு.

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தில் மீனைப் பற்றிப் பேசுவது எதற்கு என்று வினவலாம். மீன் வாராத ஆற்றங்கரையில் அதன் பெயரும் வாராது. உல்லம் ஏறும் பருவம், அதற்கிட்ட வலை, அதனைச் சமைத்த முறை ஆகியவற்றைச் சொல்லும் சொற்கள் முதியோர் நாவிலேயே எஞ்சும். அகராதியில் ஒரு வரியாக நின்றுபோன சொல்லுக்குப் பின்னால் ஓர் ஆறு இருந்தது. ஆற்றை மீட்பது பொறியியலார் கடன். சொல்லைக் காப்பது இலக்கிய வட்டத்தின் கடன். மாலையில் கெண்டையும் கெளுத்தியுமாகத் திரும்பும் அத்தூண்டிற்காரரிடம் அவர் தந்தை பிடித்த மீன்களின் பெயர்களைக் கேட்டு எழுதிவைப்பது அக்கடனின் தொடக்கமாகும்.