இல்லத்துக் கல்வியும் இளைஞர் கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



கற்றறிந்தோர் பலர் வீற்றிருக்கும் இவ்வவையிலே, பல்கலைக்கழகப் படிப்பை இன்னும் நிறைவு செய்யாத எம்மையும் பேசுமாறு பணித்த சங்கத்தாருக்கு நன்றி கூறுகின்றோம். பாடசாலைக்குச் செல்ல இயலாத காலத்திலே வீட்டிலிருந்து கற்கும் பிள்ளைகளின் குடும்பங்களுக்கு நாம் எவ்வாறு துணை நிற்கலாம் என்பதே இன்று எமக்குத் தரப்பட்ட பொருள். "கொரோனா போய்விட்டது, பாடசாலைகளும் திறந்துவிட்டன, இனி இந்தப் பேச்சு எதற்கு?" என்று சிலர் எண்ணக்கூடும். முதலிலே அவ்வெண்ணத்துக்கு விடை கூறுவோம்.

2020 ஆம் ஆண்டு மார்ச் மாத நடுப்பகுதியிலே எமது நாட்டுப் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. 10,000 இற்கு மேற்பட்ட பாடசாலைகள். 40 இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்கள். அவ்வாண்டு நடுப்பகுதியில் படிப்படியாகத் திறந்தவை ஒக்டோபரில் மறுபடி மூடப்பட்டன. பின்னர் திறந்து, 2021 ஏப்ரல் இறுதியில் மூன்றாம் முறையும் மூடப்பட்டன. அதன்பின் 200 இற்குக் குறைந்த மாணவரைக் கொண்ட பாடசாலைகளின் ஆரம்ப வகுப்புக்கள் முதன்முதல் திறந்தது அவ்வாண்டு ஒக்டோபர் 21 ஆம் திகதியாகும். நோய் தணிந்தது; தொல்லை தணியவில்லை. 2022 இலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் நின்றது. எரிபொருள் இல்லாமையால் அவ்வாண்டு ஜூன் இறுதியில் நகர்ப்புறப் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டன. 2025 நவம்பர் இறுதியில் திட்வாப் புயல் வந்தபோது வெள்ளமும் மண்சரிவும் பாடசாலைகளைத் தாக்கின. பல பாடசாலைகள் இடம்பெயர்ந்தோருக்கு உறைவிடமாயின. ஐந்தாறு ஆண்டுகளுக்குள் நோய், பஞ்சம், புயல் என மூன்று காரணங்கள். நான்காவது எது என்று யாரும் அறியோம். வராது என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

நிற்க. கழிந்த காலம் கழிந்துவிட்டதா என்பதையும் எண்ணிப் பாருங்கள். 2020 ஜனவரியில் முதலாந் தரத்திலே சேர்ந்த ஒரு பிள்ளையை மனத்திற் கொள்வோம். அப்பிள்ளை பாடசாலை வாங்கில் இருந்தது ஏறத்தாழ இரண்டு மாதம். "அ, ஆ" எழுதிப் பழகத் தொடங்கும் முன்னரே கதவு சாத்தப்பட்டது. எழுத்துக் கூட்டி வாசிக்க வேண்டிய இரண்டு ஆண்டுகளிற் பெரும்பகுதி வீட்டிலே கழிந்தது. அதே பிள்ளை 2024 செப்டெம்பரிலே புலமைப்பரிசிற் பரீட்சை எழுதியது; இன்று இடைநிலை வகுப்பிலே இருக்கின்றது. விஞ்ஞானப் புத்தகமும் வரலாற்றுப் புத்தகமும் அதன் கையிலே உண்டு. ஆனால் ஒரு பந்தியைத் தடையின்றி வாசிக்க முடியாத பிள்ளைகள் அவ்வகுப்புக்களில் இருக்கின்றார்கள் என்பதை இங்குள்ள ஆசிரியப் பெருமக்கள் எம்மிலும் நன்கு அறிவார்கள். அத்திவாரத்தில் ஒரு வரிசைக் கல் விடுபட்டால் மேற்சுவர் எழும்பியபின்பே வெடிப்புத் தெரியும். ஆகவே இது பழங்கதையன்று. எமது அயல் வீட்டுச் செய்தி.

அக்காலத்திலே அரசும் ஆசிரியரும் வாளாவிருந்தனர் என்று கூறுவது அறமாகாது. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ என்னும் இணையத்தளத்திலே மூன்று மொழிகளிலும் பாடங்கள் இருந்தன. குருகெதர நிகழ்ச்சி வழியாக நேத்ரா தொலைக்காட்சியிலே தமிழ்ப் பாடங்கள் ஒளிபரப்பாயின. ஆசிரியர் பலர் தம் கைக்காசிலே டேட்டா போட்டு வட்சப்பிலும் சூமிலும் கற்பித்தனர். பின்னர் 2021 ஜூலையில், சம்பள முரண்பாடு தீர்க்கப்பட வேண்டும் என்று கோரி ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகியபோது, அந்த இழையும் சில மாதங்கள் அறுந்தது. அதிலே யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூறுவது இன்றைய எமது பொருளன்று. பாடம் அனுப்பப்பட்ட நாளிலும் அது பிள்ளையிடம் போய்ச் சேர்ந்ததா என்பதே எமது கேள்வி.

பதுளை மாவட்டத்துப் போகிட்டியாவைக் கிராமத்தைப் பற்றி 2021 இலே உலகப் பத்திரிகைகள் எழுதின. அங்கே ஆசிரியையும் பிள்ளைகளும் தொலைபேசி அலை கிடைக்கும் இடத்தைத் தேடி, காட்டு வழியே மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து மலையுச்சிக்கு ஏறினார்கள். அந்தப் படத்தைக் கண்டு உலகம் வியந்தது. எமது பகுதியிலே ஏற மலை இல்லை. ஆகவே படம் பிடிக்கவும் ஒருவரும் வரவில்லை. ஆனால் இங்கே வேறொரு மலை இருந்தது. அது வீட்டுக்குள்ளேயே இருந்தது.

நாட்டிலே கணினி உள்ள வீடு ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான். ஏனைய வீடுகளுக்குக் கைத்தொலைபேசியே பள்ளிக்கூடம். அந்த ஒரு தொலைபேசியும் தகப்பனோடு கடலுக்கோ கூலி வேலைக்கோ போய், இருட்டியபின் வீடு திரும்பும். மூன்று பிள்ளைகள் மூன்று தரங்களிலே இருப்பார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வொரு வட்சப் குழு. காலை வணக்கப் படங்களுக்கும் வாழ்த்துக்களுக்கும் இடையிலே, சரிந்து எடுக்கப்பட்ட ஒரு கொப்பித் தாளின் படமாகப் பாடம் வந்து கிடக்கும். தாயானவள் அடுப்படியிலிருந்து வந்து, அதைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்துப் பிள்ளையின் கொப்பியிலே எழுதுவாள். பிள்ளை தூங்கிவிடும். மறுநாள் அக்கொப்பி படமெடுக்கப்பட்டு ஆசிரியருக்குப் போகும். அதிலே இருப்பது தாயின் கையெழுத்து. "தம்பி, இது திறக்குதில்லை, ஒருக்காப் பாத்துத் தா ராசா" என்று வேலியோரத்திலே நின்று கேட்ட தாய்மாரை இங்குள்ள இளைஞர் அனைவரும் அறிவோம். நாமும் வாங்கிப் பார்த்தோம். இரண்டு நிமிடத்திலே திறந்து கொடுத்தோம். அடுத்த நாளும் அவர் வந்தார்.

இங்கேதான் நாம் சொல்ல வந்த கருத்து இருக்கின்றது. எமது பிள்ளைகளுக்கு அக்காலத்தில் வகுப்புக் குறைந்ததிலும், வகுப்புக்கும் வீட்டுக்கும் இடையிலே ஒரு துணை இல்லாமையே பெருங்குறை. இளைஞர் சங்கங்கள் உதவி என்றதும் இன்னொரு சூம் வகுப்பைத் தொடங்குகின்றன. முன்னமே பாடத்தைப் பெறமுடியாத வீட்டுக்கு இன்னொரு பாடத்தை அனுப்பி என்ன பயன்? பசித்தவனுக்கு இலை போடாமல் பதார்த்தத்தை மட்டும் கூட்டிக்கொண்டு போவது போன்றதன்றோ அது? நாம் உதவ வேண்டியது முதலிலே குடும்பத்துக்கு. குடும்பத்தின் வழியாகவே பிள்ளைக்கு.

அதனை எவ்வாறு செய்யலாம்? எமது சிற்றறிவுக்கு எட்டியவற்றைக் கூறுகின்றோம்.

முதலாவது, எண்ணிக்கை. ஓர் இளைஞருக்கு மூன்று வீடு. அதற்கு மேல் வேண்டாம். முப்பது வீட்டுக்குப் பொறுப்பு என்றால் ஒரு வீட்டுக்கும் பொறுப்பில்லை. அந்த மூன்று வீட்டிலும் எத்தனை பிள்ளை, எத்தனை தொலைபேசி, அது எந்நேரம் வீட்டில் இருக்கும், எந்தப் பிள்ளைக்குப் பரீட்சை என்பன அவருக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். இவற்றை இப்போதே, பாடசாலைகள் திறந்திருக்கும்போதே அறிந்து வைத்தல் நன்று. வெள்ளம் வந்தபின் அணை கட்ட முடியாது.

இரண்டாவது, ஒரு தொலைபேசியைப் பங்கிடும் ஒழுங்கு. சூம் வகுப்பு ஒரு மணி நேரத்திலே ஏறத்தாழ ஒரு கிகாபைட்வரை டேட்டாவை விழுங்கக்கூடும். குரற்பதிவோ மிகச் சிறிதளவே எடுக்கும். ஆதலின் பரீட்சைக்குரிய பிள்ளைக்கு நேரடி வகுப்பும், சிறுவருக்குக் குரற்பதிவும் தாளும் என்று பிரிக்கலாம். இரவு நேரத்துக்கெனத் தனி அளவு தரும் டேட்டாப் பொதிகள் உண்டு. தகப்பன் வீடு திரும்பியபின் அதிலே மறுநாட் பாடங்களை இறக்கி வைக்கலாம். இது பெரிய வித்தையன்று. ஆனால் யாராவது ஒருவர் அருகிருந்து கணக்குப் போட்டுக் காட்டினாலன்றி, மாதத்தின் முதற் கிழமையிலேயே டேட்டா முடிந்துவிடும்.

மூன்றாவது, தாய்க்குக் கற்பித்தல். நாம் இரண்டு நிமிடத்தில் திறந்து கொடுப்பது உதவியாகாது. அது அவரை நாள்தோறும் வேலியோரத்திலே நிற்கவைப்பது. அரை மணி நேரம் அருகிருந்து, அவர் கையிலேயே தொலைபேசியைக் கொடுத்து, வகுப்பிற் சேர்வது எப்படி, ஒலியை நிறுத்துவது எப்படி, பாடத்தைச் சேமிப்பது எப்படி, நிறைந்த இடத்தை வெறுமையாக்குவது எப்படி என்று பழக்குவோம். பின்னர் அப்படிகளைத் தமிழிலே பெரிய எழுத்தில் எழுதி அலுமாரிக் கதவிலே ஒட்டிவிடுவோம். பெண்கள் தனித்திருக்கும் வீடுகளுக்குச் சங்கத்தின் சகோதரிகள் செல்லட்டும்.

நான்காவது, கடதாசியை மறவாமை. எமது ஊரின் சனசமூக நிலையத்து வாசிகசாலை இதற்கென்றே அமைந்தது போன்ற இடம். கிழமைக்கொரு முறை, ஒவ்வொரு தரத்துக்கும் உரிய பயிற்சித் தாள்களை ஆசிரியரிடம் பெற்றுப் போட்டோக்கொப்பி எடுத்து அங்கே வைப்போம். செய்து முடித்தவற்றைத் திரும்பச் சேர்ப்போம். மின்சாரம் நின்ற நாளிலும் தாள் நின்றுவிடாது.

ஐந்தாவது, வாசிப்பு. முதல் மூன்று தரத்துப் பிள்ளைக்கு எந்த இயந்திரமும் செய்யமுடியாத வேலை ஒன்றுண்டு. அது, பிள்ளை உரத்து வாசிக்க, ஒரு மனிதர் பக்கத்திலிருந்து கேட்பது. நாளுக்கு இருபது நிமிடம் போதும். இளைப்பாறிய ஆசிரியர்களே, பெரியோர்களே, இது உங்களால் ஆகும் பணி. கைத்தொலைபேசி பிள்ளைகளைக் கெடுக்கின்றது என்று நீங்கள் வருந்துவதிலே உண்மை உண்டு. அதனைப் பறித்துவிட்டால் மாத்திரம் பிள்ளை புத்தகத்தை எடுத்துவிடாது. "வாசி மோனை, கேப்பம்" என்று சொல்ல ஒருவர் இருந்தால் எடுக்கும்.

இயந்திரம் எமக்கு அயலானது என்று ஒதுக்கவும் வேண்டாம். மிஷன் பாடசாலையிலே கற்றவர்கள் நாம். ஆறுமுக நாவலரும் மிஷன் பாடசாலையிலே படித்து அங்கே கற்பித்தவரே. அங்கு கண்ட முறையையும் அச்சியந்திரத்தையும் அவர் வெறுத்தொதுக்கவில்லை. வண்ணார்பண்ணையிலே 1848 இற் பாடசாலை தொடங்கி, அச்சுக்கூடமும் நிறுவி, படிமுறையாக அமைந்த பாலபாடங்களை வெளியிட்டார். அச்சிட்ட பாடப் புத்தகம் பள்ளிக்கூடத்தை வீட்டுக்குள் கொண்டுவந்த முதற் கருவி என்றால் மிகையாகாது. கருவி எங்கிருந்து வந்தது என்பதிலும், படிப்படியாக ஏறத்தக்க பாடம் அதிலே உண்டா என்பதே பெரிது.

இறுதியாக ஒன்று. உதவி பெறும் வீட்டின் மானத்தை நாம் காத்தல் வேண்டும். தொலைபேசி இல்லை என்பதை எந்தப் பிள்ளையும் வகுப்பிலே எழுந்து சொல்ல விரும்பாது. ஒலி கேட்கவில்லை என்று பொய் சொல்லும். அப்பொய்யின் பின்னே இருக்கும் வெட்கத்தை அறிந்து நடப்போமாக. தாள் கொடுக்கும்போது படம் பிடிக்கவேண்டாம். முகநூலிலே போடவும் வேண்டாம். பள்ளியை விட்டு விலகிய பிள்ளையின் வீட்டுக்கு அதிபரோடோ ஆசிரியரோடோ செல்லும்போது "ஏன் வரவில்லை?" என்று விசாரணை செய்யாமல், "எப்ப வாறாய்? நாங்களும் கூட வாறம்" என்று அழைப்போம்.

இவற்றுக்குப் பெரும்பணம் தேவையில்லை. புதிய கட்டடமும் தேவையில்லை. எமது சங்கத்தின் பதிவேட்டிலே உள்ள பெயர்களும், அப்பெயர்களுக்குரியவர்களின் மாலை நேரங்களும் போதும். ஆண்டு விழா முடிந்து நாளை பந்தல் பிரிக்கப்படும். அதற்கு முன்பாக, இன்று இம்மண்டபத்தை விட்டு வெளியேறும் இளைஞர் ஒவ்வொருவரும் மூன்று வீடுகளின் பெயரைச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துச் செல்ல வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கின்றோம். எமது மூன்று வீடுகளின் பெயரை நாம் எழுதிக் கையோடு கொண்டுவந்திருக்கின்றோம்.