உறக்கமும் கைப்பேசியும்



உத்தியோக நிமித்தம் தில்லிக்கு வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற குளிர்காலத்தில் ஓரிரவு, மணி ஒன்று இருக்கும். தண்ணீர் அருந்த எழுந்தேன். பத்தாம் வகுப்பில் பயிலும் என் மகனுடைய ரஜாய்க்குள்ளிருந்து ஒளி கசிந்தது. விலக்கிப் பார்த்தேன், கையில் கைப்பேசி. உரத்துக் கடிந்துகொண்டேன். "நேற்று நீங்களும் பன்னிரண்டு மணிவரை பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள், அப்பா?" என்றான். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அதற்கு மறுமொழி கிடைக்கவில்லை.

சில மாதங்களாகவே அவனிடம் மாறுதல்களைக் கண்டிருந்தோம். காலையில் எழுப்புவதே பெரும்பாடு. இட்லியைத் தொடாமல் பள்ளிக்கு ஓடுவான். மாலையில் வறுவல் பொட்டலங்களைத் தேடுவான். சட்டைகள் இறுகின. எடுத்ததற்கெல்லாம் சினம் வந்தது. இவற்றை வெவ்வேறு குறைகள் என்றே எண்ணியிருந்தேன். இவை அனைத்தையும் இணைப்பது உறக்கக் குறைவு என்பது பின்னரே விளங்கிற்று.

13 முதல் 18 வயது வரை உள்ளோர்க்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-இல் அறிவித்தது. இருள் சூழ்ந்ததும் மூளையிலுள்ள பீனியல் சுரப்பி மெலடோனின் என்னும் பொருளைச் சுரந்து, இரவு வந்ததை உடலுக்கு உணர்த்துகிறது. பதின்பருவத்தில் இச்சுரப்பு இயல்பாகவே சற்றுக் காலந்தாழ்ந்து தொடங்கும். கண்ணருகே ஒளிரும் திரை அதனை மேலும் தாமதப்படுத்தக்கூடும். அடுத்து என்ன வரும் என்ற ஆவலும் விழிக்க வைக்கும். பள்ளி மணியோ எவருக்காகவும் காத்திராது.

உறக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் மிகுகிறது. வயிறு நிறைந்ததை உணர்த்தும் லெப்டின் குறைகிறது. இளைஞர்களிடம் நடத்தப்பெற்று 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதனைக் காட்டிற்று. உறங்காத மனம் சிறு சொல்லையும் தாங்குவதில்லை. எனினும், கைப்பேசி ஒன்றே குற்றவாளி என்று தீர்ப்பளித்தல் முறையன்று. துயருற்ற பிள்ளை ஆறுதல் நாடித் திரையிடம் செல்வதும் உண்டு.

நம்மைப் போன்று ஊரைவிட்டு வந்தோர்க்கு மற்றோர் இடர்ப்பாடும் உளது. கும்பகோணத்திலுள்ள பாட்டி பேரனின் முகம் காண்பது அக்கருவியில்தான். ஆதலின் அதனை வீட்டைவிட்டு விலக்க இயலாது, படுக்கையைவிட்டு விலக்கலாம்.

அவ்வாறே செய்தோம். இரவு ஒன்பதரை மணிக்கு எங்கள் மூவருடைய கைப்பேசிகளும் சமையலறை அலமாரிக்குச் சென்றன. முதலில் வைக்கப்பட்டது என்னுடையது. விடியலில் எழுப்ப ஓர் அலாரக் கடிகாரம் வாங்கினோம். பாட்டியுடன் பேசும் நேரத்தை ஏழு மணிக்கு மாற்றினோம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறை, 5 முதல் 17 வயதினர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமேனும் உடல் உழைக்க வேண்டும் என்கிறது. அதற்காக மாலையில் பூங்காவிற்கு நடந்தோம்.

முதல் வாரம் முழுதும் பூசல். மூன்றாம் வாரம், நடக்கும்போது அவனே வாய் திறந்தான். வகுப்பு மாணவர் குழுவில் தன் உடற்பருமனை எள்ளி என்ன எழுதுகிறார்கள் என்று காணவே இரவில் விழித்திருந்தானாம். அன்றிரவு கடிவதற்கு முன் நான் காரணம் கேட்டிருக்க வேண்டும்.

அவன் எடை இன்னும் பெரிதாகக் குறையவில்லை. ஆயினும் காலையில் இட்லி உண்கிறான், பேசுகிறான்.

இரண்டு வாரங்களுக்கு மேல் பிள்ளை சோர்ந்து ஒதுங்கியிருந்தால் மருத்துவரை நாடுங்கள். வாழ்வே வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னாலும் அன்றே நாடுங்கள். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். அதில் தமிழிலும் பேசலாம்.

இன்றிரவு உங்கள் கைப்பேசியை முதலில் அப்புறம் வையுங்கள். பிறகு பிள்ளையிடம் கேளுங்கள்.