வரிவீதமும் வரிப்பணமும்



பிரெஞ்சுப் போர்ச் செலவின் பொருட்டுப் பிரித்தானியப் பிரதமர் வில்லியம் பிற் 1799ஆம் ஆண்டில் வருமான வரி விதித்தார். ஆண்டு வருவாய் 60 பவுணுக்குக் குறைந்தோர்க்கு வரியில்லை; 200 பவுணுக்கு மேற்பட்டோர் நூற்றுக்குப் பத்து இறுத்தனர். எதிர்பார்த்தது 1 கோடி பவுண். கிடைத்ததோ ஏறத்தாழ 60 இலட்சமே. அவரவர் கூறிய கணக்கையே அரசு நம்ப வேண்டியிருந்தது.

1802இல் சமாதானத்தோடு நீங்கிய வரி, 1803இல் போரோடு மீண்டது. பிரதமர் அடிங்ரன் வீதத்தை ஐந்தாகக் குறைத்தார். ஆனால், வட்டி முதலியவற்றைக் கொடுப்போரிடமே வரியைக் கழிக்கச் செய்தார். வீதம் பாதியாகியும் வருவாய் ஏறத்தாழ முன்போன்றே இருந்தது!

இலங்கைக்கு இவ்வரி 1932இல் வந்தது. சம்பளத்திலேயே வரி கழிக்கப்படுவோர் அச்சம்பளத்தை ஒளித்தல் அரிது. தாமே கணக்குக் காட்டுவோர் ஒளிப்பாராயின், அச்சுமை முன்னவர் தோளிலேயே ஏறும்.