ஓய்வெனப் பெயரிட்ட உழைப்பு
(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பொருந்தாப் பெயரொன்று உண்மையை எத்துணைக் காலம் மறைத்து நிற்கும் என்பதற்கு, உயிரணுப் பிரிவின் வரலாறு நல்ல சான்று. செருமானிய அறிஞர் வால்தர் பிளெமிங்கு, சலமாந்தர் என்னும் நீர்நில வாழியின் இளவுயிரிகளை எடுத்து, அவற்றின் உயிரணுக்களுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். உட்கருவினுள் நூல்கள் தோன்றுவதையும், அவை நீளவாக்கிற் பிளந்து இருபாற்படுவதையும் கண்டு, 1882-இல் நூலாக்கினார். இன்று குரோமோசோம் எனப்படும் நிறப்புரிகள் அவையே. நூல்கள் தெரிந்த சிறுபொழுதையே உயிரணுவின் உழைப்பாகக் கொண்ட அக்காலத்தார், ஒன்றுந் தெரியாத நெடும்பொழுதை 'ஓய்வு' என்றனர். கண்ணுக்குப் புலப்படாததெல்லாம் உறக்கமோ?

எழுபதாண்டுகள் கழிந்தன. ஆல்மா ஓவார்டு அம்மையாரும் இசுடீபன் பெல்க்கு என்பாரும் இலண்டனில் ஒருவகை அவரையின் வேர்நுனிகளுக்குக் கதிரியக்கமுள்ள பாசுபரசை ஊட்டி ஆராய்ந்தனர். டி.என்.ஏ. எனச் சுருக்கி வழங்கும் மரபிழை, அந்த 'ஓய்வு'க் காலத்தின் இடையிலேதான் படியெடுக்கப்படுகிறது என்பதை 1953-இல் அவர்கள் விளக்கினர்.

விரைந்து பெருகும் மாந்த உயிரணுவின் சுழற்சியை 24 மணி நேரமெனக் கொண்டால், கண்ணாற் காணும் பிரிவுக்கு ஏறத்தாழ 1 மணி நேரமே ஆகும். முதல் வளர்ச்சிக்கு 11 மணி. படியெடுக்க 8 மணி. படியைச் சரிபார்த்து அணியமாக 4 மணி. ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுள்ள இழைத்தொகுதி, நுண்ணோக்கியின்றிக் காணவியலாத கருவிற்குள் மடங்கிக் கிடந்தபடியே இரண்டாகிறது! இதுவா ஓய்வு? இடைநிலை என்னும் பெயரும் போதாது. அணியநிலை என்பதே தகும். ஓய்வென்னும் சொல்லுக்குரியவை சுழற்சியை விட்டு விலகி நிற்கும் உயிரணுக்கள். கல்லீரலின் அணு அவ்வாறு கிடப்பது; ஈரலில் ஒரு பகுதியை அறுத்தெடுத்தால் விழித்தெழுந்து மீண்டும் பிரியும். முதிர்ந்த நரம்பணுவோ பொதுவாக மீள்வதில்லை.

இனிப் பிரிவு. முதனிலையில் 46 நிறப்புரிகளும் சுருண்டு தடித்து, ஒவ்வொன்றும் இடுப்பொட்டிய இரட்டையாய்த் தோன்றும். பின்னர்க் கருவுறை குலையும். இருமுனைகளினின்றும் இழைகள் நீண்டு, நடுப்பருத்து முனைகூம்பிய கதிராக அமையும். (நூல் நூற்பார் கையாளும் கதிர்தான், வேறு சொல் தேட வேண்டுவதில்லை.) அவ்விழைகள் ஒவ்வோர் இரட்டையையும் இருபுறமும் பற்றி நடுக்கோட்டில் நிறுத்துவது நடுநிலை. இங்கேதான் வியப்பு! ஒரே ஓர் இரட்டை சரிவரப் பற்றப்படாமல் நின்றாலும், ஏனைய 45-உம் காத்திருக்கும். அதுவும் பற்றப்பட்ட பின்னரே பிரிநிலை. இரட்டையர் பிரிந்து எதிரெதிர் முனைக்கு ஈர்க்கப்படுவர். முடிநிலையில் இரு கருக்கள் உருவாகும். விலங்கின் உயிரணு நடுவில் இறுகி அறும். செடியின் உயிரணுவில் நடுவே சுவரெழும்.

இச்சுழற்சியை இயக்குவன எவை, தடுப்பன எவை என்பதை ஈசுட்டு என்னும் நுண்காளானில் ஆர்ட்டுவெல்லும் நர்சும் ஆராய்ந்தனர். 1982-இல் கடல்முள்ளெலியின் முட்டைகளில், ஒவ்வொரு பிரிவின்போதும் அழிந்து மீண்டும் திரளும் புரதத்தை அண்டு கண்டார். மூவரும் 2001-இல் நோபல் பரிசு பெற்றனர்.

காவல் தவறினாற் புற்று. மரபிழை பழுதுற்றால் சுழற்சியை நிறுத்திவைக்கும் பி53 என்னும் புரதம், மாந்தர்ப் புற்றுகளில் ஏறத்தாழப் பாதியிற் கெட்டுக் கிடக்கிறது. கட்டற்றுப் பெருகும் உயிரணுவை மடக்கும் மருந்துகளுள் ஒன்று, தமிழ்நாட்டுத் தரிசுகளிற் பூக்கும் சுடுகாட்டுமல்லியினின்று வருகிறது. வின்கிரிசுட்டின் என்பது அதன் பெயர். குழந்தைகளின் குருதிப்புற்றுக்குத் தரப்படுவது. அது கதிரிழைகளை உருவாகவிடாது. பற்றுவாரற்ற நிறப்புரிகளோடு உயிரணு பிரியமாட்டாமல் நின்று மடியும். ஆயின் அம்மருந்து நோயணு எது, நல்லணு எது என்று அறியாது. மயிர்க்காலின் உயிரணுக்களும் விரைந்து பிரிவன. மருந்து பெறும் பிள்ளையின் தலைமயிர் உதிர்வது அதனாலேயே.