பண்டாரிக்கும் படிப்பு

(பொன்விழாக் குடும்ப தினத்தில் ஆற்றிய உரை)

 

"சமையல் படிக்கவும் காலேஜா?" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். எனக்கு ஸ்கூடாயில் சாப்பாட்டுக் கடை. எஸ்.பி.எம். முடித்த மகள் சமையற்கலைச் சான்றிதழ் வகுப்பில் சேரப்போவதாகச் சொன்னபோது, "அத்தா கடையில் ஆறு மாசம் நில்லு, எல்லாம் தானா வரும்" என்றேன். அவள் அம்மாதான் என்னைச் சம்மதிக்க வைத்தார்.

அந்த வருஷமே எங்கள் பண்டாரி மாமா வழுக்கி விழுந்து கால் முறிந்து படுத்துவிட்டார். முப்பது வருஷம் எங்கள் அடுப்படியில் நின்றவர். மறுவாரமே யூ.டி.எம். மாணவர்கள், "அண்ணே, குழம்பு மாறிப்போச்சே" என்றார்கள். மசாலா அளவு எந்தத் தாளிலும் இல்லை. மாமாவைக் கேட்டால், "ஒரு பிடி, அரைப் பிடி, மீதியைச் சட்டி சொல்லும்" என்பார்.

மகள் தராசை எடுத்துக்கொண்டு அவர் கட்டிலுக்கே போனாள். மல்லியை மூன்று முறை அள்ளிப் போடச் சொன்னாள். மூன்று முறையும் 30 கிராமை ஒட்டியே நின்றது! இத்தனை வருஷம் குத்துமதிப்பு என்று நான் நினைத்தது அவ்வளவு துல்லியம். இரண்டு நாளில் எல்லாக் குழம்பும் நோட்டில் ஏறியது.

அவள் என்னையும் திருத்தினாள். இரவு மிஞ்சும் சோற்றை அண்டாவோடு மூடி வைப்பது என் வழக்கம். கொதித்தும் சாகாத கிருமி வித்து சோற்றில் உண்டு, 5 முதல் 60 டிகிரி வரைக்குள் சோறு கிடந்தால் அது பெருகும் என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அண்டா அன்றோடு போய்விட்டது. ஒரு தட்டுக்கு அடக்கம் எவ்வளவு என்று கணக்குப் போடவும் அவளிடம்தான் கற்றேன்.

பினாங்கில் காவடித் தடியில் சோறும் குழம்பும் சுமந்து நாசி கண்டார் விற்ற நம் முன்னோருக்கு யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை. இன்று வழி இருக்கிறது. மலேசியத் திறன் சான்றிதழ், எஸ்.கே.எம்., மூன்று நிலைகள் கொண்டது. நான்காம் நிலை டிப்ளோமா. சமையலுக்கும் உண்டு. வகுப்புக்குப் போக முடியாத அனுபவசாலிகளுக்கு பி.பி.தி. என்ற முறை இருக்கிறது. செய்துவரும் வேலைக்கு ஆதாரம் திரட்டிக் கோப்பாகக் கொடுத்தால், மதிப்பீட்டாளர்கள் பார்த்து அந்தச் சான்றிதழுக்கே பரிந்துரைப்பார்கள். நம் கடைகளில் இதற்குத் தகுதியானவர்கள் எத்தனை பேர்! விண்ணப்பம் எழுதத் தயங்குகிறவர்களுக்கு நம் இளைஞர்கள் உட்கார்ந்து எழுதிக் கொடுக்க வேண்டும்.

மாமா இப்போது அடுப்படிக்குத் திரும்பிவிட்டார். அவருடைய கோப்பை மகள் தயார் செய்கிறாள். படம் எடுக்கப் போனபோது, "சொங்கோக் போடட்டுமா?" என்று கேட்டாராம். "வேண்டாம் மாமா, சமையல் தொப்பி" என்றிருக்கிறாள். சட்டைக்கு இஸ்திரி போட வேண்டும் என்று படத்தை மறுநாளுக்குத் தள்ளிவிட்டார்.