பத்தாம் வகுப்பிலேயே எழுதப்படும் விண்ணப்பம்

(குறுவள மையக் கூட்டத்தில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாலை, என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த மாணவி பள்ளிக்கு வந்தாள். "சார், போஸ்ட் ஆபீஸ் வேலைக்கு அப்ளை பண்ணணும். சர்டிபிகேட்ல பேரு மாறியிருக்கு, ஸ்கூல்ல போய்க் கேளுன்னு சொல்றாங்க" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் ஒரே மாதிரி இருந்த பெயர், மதிப்பெண் சான்றிதழில் மட்டும் ஆங்கிலத்தில் ஒரு 'எச்' கூடுதலாக இருந்தது. அந்த ஆண்டு பெயர்ப்பட்டியல் தயாரித்தவன் நான்தான். சரிபார்ப்புப் படிவத்தில் அவள் அப்பா கையெழுத்துப் போட்டிருக்கிறாரே என்று சொல்லி நான் தப்பித்திருக்கலாம். ஆனால் அவர் கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்தவர்.

அவள் விண்ணப்பிக்க நினைத்தது 'கிராமின் டாக் சேவக்' என்னும் கிராம அஞ்சல் பணி. நம் மாணவர்களுக்கு மிகவும் பொருத்தமான வேலை இது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இதற்கு எழுத்துத் தேர்வு கிடையாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்தான் எல்லாம். கணிதமும் ஆங்கிலமும் படித்துத் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். வட்டார மொழியைப் பத்தாம் வகுப்பு வரை படித்திருக்க வேண்டும். பொதுப்பிரிவுக்கு வயது 18 முதல் 40 வரை. சைக்கிள் ஓட்டவும் கணினி இயக்கவும் தெரிந்திருக்க வேண்டும். இணையத்தில் பதிவு செய்து, 100 ரூபாய் கட்டணம் செலுத்தி, விரும்பும் அஞ்சலகங்களை வரிசைப்படுத்தித் தர வேண்டும். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கட்டணம் இல்லை. கிளை போஸ்ட்மாஸ்டருக்குத் தொடக்க ஊதியம் 12,000 ரூபாய், மற்றவர்களுக்கு 10,000, அகவிலைப்படி தனி. நாளுக்கு நான்கைந்து மணி நேர வேலை. முழுநேர அரசு வேலை அல்ல என்பதையும் மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும். 'பணம் கொடுத்தால் வாங்கித் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது என்பதையும்தான்.

தரவரிசைக்கு மதிப்பெண் சதவீதத்தை நான்கு தசம இடம் வரை கணக்கிடுகிறார்கள். ஐந்நூற்றுக்கு ஒரு மதிப்பெண் என்றால் 0.2 சதவீதம். இருவர் சமமாக இருந்தால் வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. அதாவது, கூட்டலில் நாம் விட்ட ஒரு மதிப்பெண்ணும், பிறந்த தேதியில் நாம் மாற்றி எழுதிய ஓர் எண்ணும் ஒருவருடைய வேலையைத் தீர்மானிக்கலாம்.

அந்த மாணவியின் கதைக்கு வருகிறேன். தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குத் திருத்தம் கோரி அனுப்பினோம். திருத்திய சான்றிதழ் கைக்கு வருவதற்குள் விண்ணப்பத்தின் கடைசி நாள் போய்விட்டது. அவள் என்னிடம் கோபப்படவில்லை. "பரவாயில்ல சார், அடுத்த தடவை போடுறேன்" என்றாள். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அடுத்த அறிவிப்பில் விண்ணப்பித்தாள். முதல் பட்டியலில் பெயர் இல்லை, இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது பட்டியலில் வந்தது. இன்று ஒரு கிராமத்துக் கிளை அஞ்சலகத்தில் சேமிப்புக் கணக்குப் புத்தகங்களில் வரவு வைக்கிறாள். "பேரை ரெண்டு தடவை பார்த்துட்டுத்தான் சார் எழுதுவேன்" என்று போன வாரம் போனில் சொல்லிச் சிரித்தாள்.

அதன்பிறகு நான் மூன்று பழக்கங்களைக் கைக்கொண்டிருக்கிறேன். பெயர்ப்பட்டியலை அனுப்பும் முன், பிறப்புச் சான்றிதழை அருகில் வைத்து ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்க்கிறேன். தலைப்பெழுத்தையும் பிறந்த தேதியையும் பெற்றோருக்கு உரக்கப் படித்துக் காட்டுகிறேன். மாணவரையே தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லி ஒப்பிடுகிறேன். ஒரு வகுப்புக்கு இரண்டு பாடவேளை போதும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தப் பெயர் எங்களிடம் பிறப்பதில்லை. ஒன்றாம் வகுப்பில் நீங்கள் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதுவதுதான் எங்களிடம் வருகிறது. ஜூன் மாதச் சேர்க்கைக் கூட்டத்தில் ஒரு நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழந்தையின் முதல் வேலை விண்ணப்பத்தை நீங்கள்தான் நிரப்பத் தொடங்குகிறீர்கள்.