தீர்மான நோட்டும் செல்போனும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் ஊக்குநர் ஒருவர் பேசியது)



நம்ம குழுவில் தீர்மான நோட்டு எழுதுறோம். யாருக்கு எவ்வளவு கடன், எத்தனை தவணை, யார் வரலை, எல்லாம் எழுதி, வாசிச்சுக் காட்டி, கையெழுத்து வாங்குறோம். ஆனா கடன் கேட்கும்போது ஒருத்தி கண் கலங்கி, "வீட்டுக்காரர் நகையை அடகு வச்சுக் குடிச்சிட்டார்" என்று சொன்னால் அதை எழுதுறோமா? "குடும்பச் செலவுக்கு ரூ.10,000", அதோடு சரி. இந்த நாசூக்கை நமக்கு எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை.

செல்போனுக்கு அந்த நாசூக்கு கிடையாது. ஒரு குழுவில் இப்படிச் சொன்ன பேச்சை ஒருவர் சத்தமில்லாமல் பதிவு செய்துவிட்டார். கெட்ட எண்ணம்கூட இல்லை, வராத உறுப்பினர் கேட்கட்டுமே என்றுதான். அது வாட்ஸ்அப்பில் கைமாறி, இரண்டே நாளில் அந்த வீட்டுக்காரர் காதுக்கே போய்விட்டது. வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெண் அப்புறம் கூட்டத்துக்கே வரவில்லை. மற்றவர்களும் கடன் எதுக்குன்னு வாய் திறந்து சொல்வதில்லை. காரணம் தெரியாமல் கடன் கொடுக்கிற குழு எத்தனை நாள் தாங்கும்?

முன்னெல்லாம் சண்டை போட்டால் நாலு நாளில் ஆறிவிடும். பாதி மறந்துபோய், குழாயடியில் தானாகப் பேச்சு வந்துவிடும். இப்போ கோபத்தில் வந்த ஒரு வார்த்தையைப் பத்துத் தடவை போட்டுக் கேட்கிறோம். அதுக்கு முன்னாடி நாம என்ன சொன்னோம்ங்கிறது மட்டும் அந்தப் பதிவில் இருக்காது!

பதிவே கூடாது என்று சொல்ல வரவில்லை. இறந்துபோன அம்மாவின் குரல் போனில் இருந்தால் அது பொக்கிஷம். அடி உதை வாங்குகிறவளுக்கு மிரட்டல் பேச்சின் பதிவு கைகொடுக்கும். கணவனோ மனைவியோ ரகசியமாகப் பதிவு செய்த பேச்சையும் விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொன்னது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் சொன்னதும் அதே நீதிமன்றம்தான். கோர்ட்டில் கொடுப்பது வேறு, குரூப்பில் போடுவது வேறு.

படம் விஷயத்தில் சட்டம் கடுமையானது. ஒருவருடைய உடம்பின் அந்தரங்கப் பகுதியைச் சம்மதம் இல்லாமல் படம் எடுத்தாலோ, அனுப்பினாலோ, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-இ பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அப்படிப் படத்தை வைத்து யாராவது மிரட்டினால் பயந்து பணம் கொடுக்காதீங்க. பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசுங்க.

எங்கள் குழுவில் இப்போ கூட்டம் தொடங்கும்போதே செல்போன்களைப் பணப்பெட்டி பக்கத்தில் வைத்துவிடுகிறோம். வராதவங்களுக்கு மறுநாள் பிரதிநிதி நேரில் போய் விஷயத்தைச் சொல்லிவிடுவார்.